கலங்கரை விளக்கின் பெயர் கொண்ட கனிமம்

ரஷ்யாவின் வடகோடியில் நொரில்ஸ்க் என்னும் நகரம் இருக்கிறது. அந்த வட்டாரத்துச் சுரங்கங்களில் வெட்டியெடுக்கப்படும் தாதுக்கல் ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் அதன் கனம் வியப்பூட்டும். பிறகு அதன் நிறம் கண்ணைக் கவரும். புதிதாகத் துலக்கிய பித்தளைச் செம்பைப் போல மஞ்சளாக மின்னும். செம்பு, இரும்பு, கந்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்த கனிமங்களே அந்த மஞ்சள் நிறத்துக்குக் காரணம். அதே கல்லுக்குள் மாயாக்கைட் என்னும் வேறொரு கனிமமும் இருக்கலாம். ஆனால், எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் அது கண்ணுக்குப் புலப்படாது. அதன் துகள்கள் பெரும்பாலும் ஒரு தலைமுடியின் தடிமன் அளவே இருக்கும். பல அதைவிடவும் சிறியவை. அத்தகைய துகள் ஒன்றின் எடை, சமையலறையில் உள்ள ஒரு சீனிக் கல்லின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்கு ஏன் பெயர் சூட்ட வேண்டும்? அதைப் பற்றி ஏன் பக்கம் பக்கமாக எழுத வேண்டும்? பள்ளி வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட்டுச் செல்லும் பெட்ரோல் கார்களைக் கவனித்தால் இக்கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும். அந்தக் கார்களின் அடியில், புகைக்குழாயோடு இணைந்த ஓர் உலோகப் பெட்டி உண்டு. புகையில் உள்ள நச்சு வாயுக்களின் பெரும்பகுதியை அது வெளியே வருமுன்பே மாற்றிவிடுகிறது. அந்த வேலையைச் செய்யும் உலோகங்களில் முக்கியமானது பல்லேடியம். உலகில் தோண்டியெடுக்கப்படும் பல்லேடியத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ரஷ்யாவிலிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதிக்கு நொரில்ஸ்க் வட்டாரமே பிறப்பிடம். மாயாக்கைட் பல்லேடியம் அடங்கிய ஓர் அரிய கனிமம்.

'மாயாக்' என்பது ரஷ்யச் சொல். கலங்கரை விளக்கம் என்பது அதன் பொருள். தமிழில் உள்ள 'மாயம்' என்ற சொல்லுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும், கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும் ஒரு பொருளுக்கு இவ்வொலி பொருந்தத்தான் செய்கிறது. நொரில்ஸ்கிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் தல்நாக் என்னும் சுரங்கப் பகுதி உள்ளது. அங்கே 1960இல் வளமான தாதுப் படிவு கண்டறியப்பட்டது. 1960களின் நடுப்பகுதியில் அங்கு முதலாவதாகத் திறக்கப்பட்ட சுரங்கத்துக்கு மாயாக் எனப் பெயரிட்டார்கள். கடல் அலை தொடாத ஓரிடத்தில் கலங்கரை விளக்கமா என்று கேட்கத் தோன்றும். கப்பல்களுக்கு அல்ல, பின்னால் வரவிருந்த சுரங்கங்களுக்கு வழிகாட்டி என்று எடுத்துக்கொள்ளலாம். 1970களில் அச்சுரங்கத் தாதுவில் சோவியத் ஆய்வாளர்கள் ஒரு புதிய கனிமத்தைக் கண்டறிந்தபோது, சுரங்கத்தின் பெயரையே அதற்கும் வைத்தார்கள்.

மாயாக்கைட்டின் அமைப்பு எளிமையானது. ஒரு பல்லேடியம் அணு, ஒரு நிக்கல் அணு, ஓர் ஆர்செனிக் அணு என்ற கணக்கில் மூன்று தனிமங்கள் அதில் இணைந்துள்ளன. ஆனால், மூன்று அணுக்களும் ஒரே கனம் உடையவை அல்ல. ஆகவே, 100 கிராம் மாயாக்கைட்டை ஒருவர் சேர்த்துவிட்டதாக வைத்துக்கொண்டால், அதில் ஏறத்தாழ 44 கிராம் பல்லேடியமும் 31 கிராம் ஆர்செனிக்கும் மீதி நிக்கலும் இருக்கும். அவ்வளவு மாயாக்கைட்டை எவராலும் சேர்க்க முடியாது என்பது வேறு விஷயம்.

இந்த மூன்று தனிமங்களுக்கும் தனித்தனிக் கதைகள் உண்டு. ஆர்செனிக்கின் கதை பலரும் அறிந்ததே. அதன் சேர்மங்கள் நஞ்சு. பாடாணம் என்று நம் முன்னோர் குறிப்பிட்டவற்றுள் அதுவும் அடங்கும்.

நிக்கலின் பெயரே ஒரு திட்டுச் சொல்லிலிருந்து வந்தது. பழங்காலத்து ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்கள் செந்நிறமான ஒரு தாதுவைக் கண்டார்கள். செம்புத் தாது என்று எண்ணி அதை உலையில் இட்டார்கள். செம்பு வரவில்லை, மாறாக நச்சுப் புகைதான் வந்தது. சுரங்கத்தில் வாழும் குட்டிச்சாத்தான் ஒன்று தங்களை ஏமாற்றிவிட்டதாக அவர்கள் நம்பினார்கள். அந்தக் குட்டிச்சாத்தானின் பெயர் நிக்கல். ஆகவே, அந்தத் தாதுவை 'செம்புச் சாத்தான்' என்று பொருள்படும்படி அழைத்தார்கள். 1751இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் குரோன்ஸ்டெட் இத்தகைய தாதுவிலிருந்து புதியதோர் உலோகத்தைப் பிரித்தெடுத்தார். சாத்தானின் பெயரே அந்த உலோகத்துக்கும் நிலைத்துவிட்டது. அத்தொழிலாளர்களை ஏமாற்றிய தாது நிக்கலும் ஆர்செனிக்கும் மட்டும் சேர்ந்த ஒரு கனிமம். அதன் நச்சுப் புகை ஆர்செனிக்கினால் வந்தது. அந்தக் கனிமத்தோடு பல்லேடியமும் சேர்ந்தால் கிடைக்கும் தனிமங்களின் பட்டியல்தான் மாயாக்கைட்டின் பட்டியல்.

பல்லேடியத்தின் கதை இன்னும் விநோதமானது. 1802இல் இங்கிலாந்து நாட்டு அறிவியலாளர் வில்லியம் ஹைட் வொலாஸ்டன், பிளாட்டினத் தாதுவை ஆராய்ந்துகொண்டிருந்தபோது இதைக் கண்டுபிடித்தார். ஆனால், தம் முறைகளைப் பிறர் அறிந்துகொள்வதை அவர் விரும்பவில்லை. எனவே, அறிவியல் கூட்டம் எதிலும் அறிவிக்காமல், தம் பெயரும் போடாமல், அடுத்த ஆண்டு ஒரு துண்டு விளம்பரம் அச்சிட்டார். புதிய உலோகம் ஒன்று லண்டனில் ஒரு கடையில் விற்பனைக்குக் கிடைக்கும் என்று அதில் இருந்தது! செனெவிக்ஸ் என்னும் வேதியியலாளர் அதை வாங்கிச் சோதித்துப் பார்த்தார். இது புதிய உலோகமே அல்ல, பிளாட்டினத்தையும் பாதரசத்தையும் கலந்து செய்த மோசடி என்று அறிவித்தார். அப்படியானால் அதைச் செய்து காட்டுபவருக்கு 20 பவுன் பரிசு என்று மீண்டும் பெயர் குறிப்பிடாத அறிவிப்பு ஒன்று வெளிவந்தது. எவராலும் முடியவில்லை. 1805இல்தான் வொலாஸ்டன் உண்மையை வெளியிட்டார். அவர் இந்த உலோகத்தைக் கண்டுபிடித்த அதே 1802இல் வானியலாளர்கள் பல்லாஸ் என்ற சிறுகோளைக் கண்டறிந்திருந்தார்கள். அதன் பெயரைத் தழுவியே பல்லேடியம் என்ற பெயர் அமைந்தது.

இப்படி வெவ்வேறு குணம் கொண்ட மூன்று தனிமங்களும் ஒரே துகளில் எப்படிச் சேர்ந்தன? இதற்கு ஏறத்தாழ 252 மில்லியன் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். அப்போது இன்றைய சைபீரியாவில் மாபெரும் எரிமலைப் பெருக்கு நிகழ்ந்தது. பூமியின் ஆழத்திலிருந்து எரிமலைக் குழம்பு வெடிப்புகளின் வழியே மேலேறி, வெகு தொலைவுக்குப் பரவி, அடுக்கடுக்காக உறைந்தது. பூமியின் வரலாற்றில் நிகழ்ந்த மிகப் பெரிய உயிரின அழிவு இக்காலத்தையே சேர்ந்தது; அவ்வழிவுக்கு இவ்வெரிமலைகளே முதன்மைக் காரணம் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

குழம்பு முழுவதும் மேலே வந்துவிடவில்லை. ஒரு பகுதி நிலத்துக்கு அடியில் இருந்த பாறை அடுக்குகளுக்கு இடையே புகுந்து தங்கியது. நொரில்ஸ்க் வட்டாரத்தில் அந்த அடுக்குகளில் நிலக்கரியும் ஜிப்சம் போன்ற கந்தகம் மிகுந்த பாறைகளும் இருந்தன. ஏறத்தாழ 1,200 பாகை செல்சியஸ் வெப்பம் கொண்ட குழம்பு அப்பாறைகளைச் சுட்டு, அவற்றிலிருந்த கந்தகத்தை உள்வாங்கிக்கொண்டது. ஓரளவுக்கு மேல் கந்தகத்தைக் கரைத்து வைத்திருக்க அக்குழம்பினால் முடியவில்லை. குழம்புத் தண்ணீரில் எண்ணெய் தனித்து நிற்பது போல, கந்தகம் மிகுந்த நீர்மம் துளித்துளியாகப் பிரிந்தது. எண்ணெய் மிதக்கும், இத்துளிகளோ கனமானவை, ஆகவே அடியில் படிந்தன. நிக்கல், செம்பு, பல்லேடியம், பிளாட்டினம் ஆகிய உலோகங்களுக்குக் கந்தகத்தின் மீது ஈர்ப்பு அதிகம். துளிகள் கீழே இறங்கும் வழியிலேயே சுற்றியிருந்த குழம்பிலிருந்து அவ்வுலோகங்களை வாரிக்கொண்டன. இதுவே முதல் கட்டச் செறிவு.

இரண்டாம் கட்டத்தை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ரோஜா சிரப் கலந்த தண்ணீரை ஒரு நெகிழிக் குவளையில் ஊற்றி உறைபெட்டியில் வைக்க வேண்டும். பாதி உறைந்த நிலையில் வெளியே எடுத்தால், ஓரத்தில் உறைந்த பகுதி வெளிறியும் இனிப்புக் குறைந்தும் இருக்கும். நடுவில் இன்னும் உறையாத பகுதியோ அடர் சிவப்பாகவும் மிகுந்த இனிப்பாகவும் இருக்கும். தண்ணீர் முதலில் உறைகிறது. பனிக்கட்டியில் இடம் கிடைக்காத சீனியும் நிறமும் மீதியிருக்கும் நீர்மத்துக்குத் தள்ளப்படுகின்றன.

தல்நாக்கின் அடியில் தேங்கிய கந்தக நீர்மமும் இவ்வாறே மெல்ல மெல்ல உறைந்தது. இரும்பும் நிக்கலும் நிறைந்த படிகங்கள் முதலில் தோன்றின. செம்பு மிகுந்த நீர்மம் மிச்சமானது. பல்லேடியமும் அதிலேயே கூடிக்கொண்டு வந்தது. பிறகு செம்புக் கனிமங்களும் உறையத் தொடங்கின. அப்படிகங்களிலும் இடம் கிடைக்காத தனிமங்கள் கடைசிச் சொட்டுகளில் எஞ்சின. பல்லேடியம், ஆர்செனிக், பிஸ்மத், வெள்ளீயம், ஆண்டிமனி ஆகியவை அவற்றுள் சில. எங்கும் சேர முடியாத அவை ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. எந்தச் சொட்டில் எது கூடுதலாக இருந்ததோ அதற்கேற்ப வெவ்வேறு கனிமங்கள் பிறந்தன. ஆர்செனிக்கும் நிக்கலும் பல்லேடியத்தோடு சேர வாய்த்த இடங்களில் மாயாக்கைட் உருவாயிற்று. அது ஏன் இவ்வளவு அரியது, ஏன் இவ்வளவு சிறியது என்பதற்கு இதுவே விளக்கம். பெருங்குழம்பின் கடைசிச் சொட்டில் பிறந்த பொருள் பெரிதாக இருக்க வழியில்லை.

இதே உலகின் வேறு இடங்களிலும் இத்தகைய சூழல் அமைந்ததுண்டு. ரஷ்யாவின் கரேலியாப் பகுதியில் உள்ள லுக்குலைஸ்வாரா என்னும் பாறைத் திரளிலும், பைக்கால் ஏரிக்குக் கிழக்கே உள்ள சினேய் என்னும் பாறைத் திரளிலும் மாயாக்கைட்டின் நெருங்கிய உறவுக் கனிமம் ஒன்று கிடைத்திருக்கிறது. மென்ஷிகோவைட் என்று அதற்குப் பெயர். 2002இல் அதன் விவரங்கள் வெளியாயின. அதே மூன்று தனிமங்கள்தான். ஆனால், மூன்று பல்லேடியத்துக்கு இரண்டு நிக்கல், மூன்று ஆர்செனிக் என்பது அதன் கணக்கு. ஒரே மளிகைப் பொருள்களை வெவ்வேறு அளவில் சேர்த்தால் வெவ்வேறு பலகாரங்கள் வருவதைப் போல, தனிமங்கள் ஒன்றாயினும் விகிதமும் அணுக்களின் அடுக்கும் மாறினால் கனிமமும் வேறாகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத துகளில் எந்தத் தனிமம் எத்தனை பங்கு என்பதை ஆய்வாளர்கள் எப்படிக் கண்டார்கள்? பழைய முறைப்படி ஒரு பொருளைப் பகுத்தறிய அதை அமிலத்தில் கரைத்துச் சோதிக்க வேண்டும். அதற்குக் கணிசமான அளவு தூய பொருள் தேவை. ஒரு கிராமில் மில்லியனில் ஒரு பங்கு எடையுள்ள துகளை வைத்துக்கொண்டு அதைச் செய்ய இயலாது. அதனால், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இத்தகைய கனிமங்கள் பல, நுண்ணோக்கியில் தெரிந்தும் பெயரற்றவையாகவே இருந்தன.

1951இல் பிரெஞ்சு ஆய்வாளர் ரேமோன் கஸ்தேன் தம் முனைவர் பட்ட ஆய்வில் ஒரு புதிய கருவியை விவரித்தார். தாதுக்கல்லை வெட்டி, அதன் முகத்தைக் கண்ணாடி போல் பளபளப்பாக மெருகேற்ற வேண்டும். பிறகு, மிக மெல்லிய எலெக்ட்ரான் கற்றை ஒன்றை அதன்மேல் பாய்ச்ச வேண்டும். கற்றை படும் இடம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அகலமே. எலெக்ட்ரான்கள் தாக்கும்போது அந்த இடத்திலுள்ள அணுக்கள் எக்ஸ் கதிர்களை வெளியிடும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரைத்தான் வெளியிடும். பல்லேடியத்தின் கதிர் நிக்கலிடமிருந்து வராது. எந்தக் கதிர் எவ்வளவு வலுவாக வருகிறது என்பதை அளந்தால், எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்பது தெரிந்துவிடும். துகளைக் கல்லிலிருந்து பிரிக்கவே வேண்டியதில்லை.

இந்தக் கருவி ஆய்வகங்களுக்குப் பரவியதும் தல்நாக் தாது பேசத் தொடங்கியது என்றே சொல்லலாம். ஒரே கல்லின் மெருகேற்றிய முகத்தில், சில மில்லிமீட்டர் இடத்துக்குள், பல்லேடியம் கொண்ட பல கனிமங்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றைப் புதியது என்று சொல்வதற்கு அதன் வேதியியல் அமைப்பு மட்டும் போதாது. அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன, ஒளியை எவ்வாறு எதிரொளிக்கிறது, எவ்வளவு கடினமானது என்பவற்றையும் காட்ட வேண்டும். பின்னர், அனைத்துலகக் கனிமவியல் கழகத்தின் குழு ஆராய்ந்து வாக்களிக்கும். இன்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கனிமங்கள் அக்கழகத்தின் பட்டியலில் உள்ளன. மாயாக்கைட்டும் அதில் ஒன்று.

பெயர் சூட்டுவதோடு இந்த ஆய்வின் பயன் முடிந்துவிடுவதில்லை. தாதுவை ஆலைக்குக் கொண்டு சென்று அரைக்கும்போது, உலோகம் எந்தக் கனிமத்தில், எவ்வளவு பெரிய துகளாக இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தல்நாக்கில் பல்லேடியத்தின் ஒரு பகுதி நிக்கல் தாதுக் கனிமத்துக்குள்ளேயே கரைந்திருக்கிறது. நிக்கலைப் பிரித்தால் அதுவும் கூடவே வந்துவிடும். இன்னொரு பகுதி மாயாக்கைட் போன்ற தனிக் கனிமங்களாக இருக்கிறது. தாதுவைப் போதிய அளவு நுண்ணிதாக அரைக்காவிட்டால் இத்துகள்கள் வேண்டாத பாறைத் தூளுக்குள்ளேயே சிக்கிக்கொண்டு கழிவோடு போய்விடும். மிதமிஞ்சி அரைத்தாலும் தூசியாகி நழுவிவிடும். ஒரு டன் தாதுவுக்குச் சில கிராம் பல்லேடியம் என்ற கணக்கில் தொழில் நடக்கும்போது, கழிவோடு போகும் ஒவ்வொரு கிராமும் இழப்புதான்.

அப்படிப் பிரித்தெடுத்த பல்லேடியம், காரின் அடியிலுள்ள அந்தப் பெட்டியை வந்தடைகிறது. வினையூக்கி மாற்றி என்பது அதன் பெயர். உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் அமைப்பு ஒன்று உண்டு. அதன் நுண்ணிய குழாய்ச் சுவர்களில் பல்லேடியமும் அதைச் சார்ந்த உலோகங்களும் மெல்லிய பூச்சாகத் தடவப்பட்டிருக்கும். ஒரு காருக்குச் சில கிராம் போதும். எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உயிருக்கு ஆபத்தானது. சூடான பூச்சின் மேற்பரப்பில் அது ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. முழுமையாக எரியாத எரிபொருள் ஆவியும் இங்கே கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறுகிறது. இதில் பல்லேடியம் செலவாவதில்லை. வினையை விரைவுபடுத்திவிட்டு அப்படியே இருக்கிறது. அதனால்தான், பழைய கார்களை உடைக்கும்போது இப்பெட்டியை மட்டும் தனியே கழற்றி வைக்கிறார்கள். அதிலுள்ள உலோகத்தை மீட்டு மீண்டும் பயன்படுத்த முடியும்.

பெருநகரங்களின் காற்றைக் காக்கும் இந்த உலோகம் தான் பிறந்த ஊரின் காற்றைக் காக்கவில்லை. கந்தகம் கலந்த தாதுவை உலையில் உருக்கும்போது கந்தக டை ஆக்சைடு வாயு வெளியேறும். நீண்ட காலம் நொரில்ஸ்க் உலைகளிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மில்லியன் டன் அளவில் அந்த வாயு வெளியேறி வந்தது. மூச்சைத் திணறடிக்கும் அவ்வாயு ஈரத்தோடு சேர்ந்தால் அமில மழையாகும். நகரைச் சுற்றியிருந்த ஊசியிலைக் காடுகள் காற்று வீசும் திசையில் வெகு தொலைவு வரை பட்டுப்போயின. 2016இல் நகரத்துக்குள்ளேயே இருந்த பழைய நிக்கல் உலை மூடப்பட்டது. 2020ஆம் ஆண்டு மே மாதம் வேறொரு பேரிடர் நேர்ந்தது. மின்நிலையம் ஒன்றின் எரிபொருள் தொட்டி உடைந்து, 20,000 டன்னுக்கும் மேற்பட்ட டீசல் கசிந்தது. அம்பார்நயா ஆறு செந்நிறமாக மாறியது. விண்வெளியிலிருந்து எடுத்த படங்களிலும் அந்தச் சிவப்பு தெரிந்தது.

இத்தகைய இடத்தில் மனிதர்கள் வாழ வந்தது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். நொரில்ஸ்க் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. குளிர்காலத்தில் ஏறத்தாழ ஒன்றரை மாதம் சூரியன் உதிப்பதே இல்லை. நிலம் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கிறது. அதனால், கட்டடங்களை ஆழமான தூண்களின்மேல் எழுப்பியிருக்கிறார்கள். நாட்டின் பிற நகரங்களோடு இணைக்கும் சாலை கிடையாது. விமானத்தில் வரலாம், அல்லது எனிசேய் ஆற்றின் துறைமுகமான துதின்காவுக்குக் கப்பலில் வந்து சேரலாம்.

1919இல் நிக்கோலாய் உர்வந்த்செவ் என்ற இளம் புவியியலாளர் நிலக்கரியைத் தேடி இப்பகுதிக்கு வந்தார். நிலக்கரியோடு செம்பு, நிக்கல் தாதுவும் இருப்பதைக் கண்டார். அதில் பிளாட்டினமும் அதன் இன உலோகங்களும் இருப்பது பின்னர் ஆய்வில் தெரியவந்தது. 1921இல் அவரும் அவருடைய குழுவினரும் மரத்தால் ஒரு வீடு கட்டிக் குளிர்காலத்தை அங்கேயே கழித்தார்கள். நொரில்ஸ்கின் முதல் வீடு அதுதான். இன்றும் அதைக் காட்சியகமாகப் பாதுகாத்து வருகிறார்கள்.

அடுத்து நடந்தவற்றை வாசிக்க மனம் கனக்கும். 1935இல் சோவியத் அரசு நொரில்ஸ்கில் கைதிகளின் முகாம் ஒன்றைத் தொடங்கியது. சுரங்கங்களும் உலைகளும் அக்கைதிகளின் உழைப்பால் எழுந்தன. 1956இல் மூடப்படும்வரை இலட்சக்கணக்கானோர் அம்முகாமில் அடைக்கப்பட்டார்கள். குளிராலும் பசியாலும் நோயாலும் மாண்டவர்கள் ஏராளம். அவர்களில் பலர் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். 1938இல் உர்வந்த்செவும் பொய்க் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். பிறகு, தாம் முதல் வீடு கட்டிய அதே நொரில்ஸ்குக்கு அவர் கைதியாக அனுப்பப்பட்டார். கைதியாக இருந்தபடியே அங்கே புவியியலாளராக வேலை செய்தார். 1954இல்தான் அவர் குற்றமற்றவர் என்று அரசு ஏற்றுக்கொண்டது.

1970களில் எலெக்ட்ரான் கற்றையின் உதவியால் மாயாக் சுரங்கத்தின் தாதுவில் மாயாக்கைட் கண்டறியப்பட்ட அதே காலத்தில், அதே சுரங்கத்தில் பல்லேடியமும் பிஸ்மத்தும் ஈயமும் சேர்ந்த இன்னொரு புதிய கனிமமும் கிடைத்தது. அதற்கு உர்வந்த்செவைட் என்று பெயர் வைத்தார்கள். அப்போது உர்வந்த்செவுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது. 1985இல் அவர் லெனின்கிராடில் காலமானார். அவருடைய அஸ்தி நொரில்ஸ்குக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டது.